வீட்டில் தானியத்திலிருந்து பியர்: ஐஸ் பெட்டியும் பானையும் போதுமா?

ஐஸ் பெட்டி எதற்கு? ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் பார்பெக்யூ செய்யப் போகும்போது பானங்களைச் சில்லென்று வைத்திருக்க என்பீர்கள். வீட்டில் பியர் தயாரிப்பவர்களில் பலர் அதை வாங்குவது நேர்மாறான வேலைக்கு. உள்ளே ஊற்றும் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குச் சூடு குறையாமல் இருக்கவேண்டும்.

வீட்டு பியரில் இரண்டு வழிகள் உண்டு. டின்னில் வரும் மால்ட் சாற்றை வாங்கி, தண்ணீர் கலந்து, ஈஸ்ட் போடுவது எளிய வழி. முளைகட்டி உலர்த்திய பார்லியை வாங்கி, அதிலிருந்து நீங்களே சர்க்கரையைப் பிரித்தெடுப்பது இன்னொரு வழி. அதை முழுத் தானிய முறை என்கிறார்கள். சுவை நம் கையில் இருக்கும், மூலப்பொருளும் மலிவு. ஆனால் சாதனம் கூடுதலாகத் தேவை. எல்லாம் ஒன்றாக இணைந்த மின்சாதனம் கடையில் கிடைக்கும், விலையைப் பார்த்ததும் பலர் பின்வாங்கிவிடுவார்கள்.

"நாமே செஞ்சுக்கலாமே" என்ற எண்ணம் அங்கேதான் வருகிறது. செய்யலாம், அவ்வளவு கடினமும் இல்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில், கராஜ் வைத்த வீடுகளில் இருப்போர் எழுதியவை. நமக்கு வீவக வீட்டுச் சமையலறை. குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீர். அங்கே பொருந்தும் சாதனம் எல்லாம் இங்கே பொருந்தாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பியர், ஒயின், சைடர் போன்றவற்றை நொதிக்கவைக்க உரிமம் தேவையில்லை. ஆனால் சுங்கத்துறையின் நிபந்தனைகள் இருக்கின்றன. உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும். குடியிருக்கும் வீட்டில்தான் தயாரிக்கலாம். விற்கக்கூடாது. காய்ச்சி வடிக்கவே கூடாது. ஒரு குடும்பம் மாதத்துக்கு 30 லிட்டருக்கு மேல் தயாரிக்கக்கூடாது.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். கணக்கு வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனியாகத் தயாரித்தாலும் மொத்தம் 30 லிட்டர்தான். தொடங்கும் முன் சுங்கத்துறையின் இணையப்பக்கத்தில் இப்போதைய விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவை சிங்கப்பூர் விதிகள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜொகூரில் உறவினர் வீட்டில் செய்தால் அங்குள்ள சட்டம்தான்.

சாதனத்தின் அளவையும் இந்த 30 லிட்டரே தீர்மானிக்கிறது. 50 லிட்டர் பானை வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்? ஒரு தடவைக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மாதம் இருமுறை செய்யலாம். சமையலறையில் ஒருவர் சமாளிக்கக்கூடிய அளவும் அதுவே. இந்தக் கட்டுரையில் வரும் கணக்கு எல்லாம் 15 லிட்டருக்கு.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மால்ட்டில் மாவுச்சத்து இருக்கிறது. அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளும் அதே தானியத்துக்குள் இருக்கின்றன. உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் நொதிகள் தம் வேலையைச் செய்துவிடும். இதை மாஷ் என்கிறார்கள். 65க்கு அருகில் வைத்தால் ஈஸ்ட் முழுமையாகத் தின்னும் சர்க்கரை கிடைக்கும், பியர் லேசாக இருக்கும். 68ஐ நெருங்கினால் பியர் கொஞ்சம் கனமாக, மால்ட் சுவை கூடி வரும். 75ஐத் தாண்டினால் நொதிகள் செயலிழக்கத் தொடங்கிவிடும்.

மூன்று டிகிரியில் பியரின் குணமே மாறுகிறது என்றால், அடுப்பை ஏற்றி இறக்கிச் சமாளிப்பது சிரமம். அதனால்தான் ஐஸ் பெட்டி. அதன் சுவருக்குள் இருக்கும் நுரை, குளிரைப் போலவே சூட்டையும் தடுத்து நிறுத்தும். நல்ல பெட்டியில் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும்.

15 லிட்டர் பியருக்கு மால்ட் மூன்றரை கிலோ. கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் பத்தரை லிட்டர் தண்ணீர். தானியமும் சேர்ந்து பெட்டியில் 13 லிட்டர் இடம் பிடிக்கும். பிறகு அலசுவதற்கு இன்னொரு 13 லிட்டர் ஊற்றும்போது 19 லிட்டர்வரை ஏறும். ஆக 25 அல்லது 30 லிட்டர் பெட்டி போதும். அதற்கும் பெரிதாக வாங்கினால், காலியாக இருக்கும் இடமே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

வாங்கும்போது மூடியைத் தட்டிப் பாருங்கள். விலை குறைந்த பெட்டிகளில் சுவரில் நுரை இருக்கும், மூடி மட்டும் வெறும் கூடாக இருக்கும். சூடு மேலேதான் போகும். அப்படிப்பட்ட பெட்டி என்றால் மேலே தடித்த துண்டு இரண்டைப் போட்டு மூடுங்கள். கொதிக்கும் நீரை நேரடியாக ஊற்றாதீர்கள், உள் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

எத்தனை டிகிரியில் தண்ணீர் ஊற்றவேண்டும்? கிலோவுக்கு 3 லிட்டர் என்ற அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வேண்டிய வெப்பநிலையிலிருந்து தானியத்தின் வெப்பநிலையைக் கழியுங்கள். மிச்சத்தை 7ஆல் வகுத்து, வேண்டிய வெப்பநிலையோடு கூட்டுங்கள். நம் வீட்டில் தானியம் 28 டிகிரியில் இருக்கும். 67 டிகிரி மாஷ் வேண்டுமென்றால் தண்ணீர் 72, 73 டிகிரியில் இருக்கவேண்டும். 15 டிகிரி கராஜில் தானியம் வைத்திருப்பவருக்கு அதே கணக்கு 74ஐத் தாண்டும். அவருடைய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்கள் மாஷ் ஏறக்குறைய 2 டிகிரி கூடிவிடும். பெட்டியும் கொஞ்சம் சூட்டை இழுக்கும் என்பதால், முதலில் இரண்டு லிட்டர் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிடுங்கள்.

இதற்கெல்லாம் வெப்பமானி சரியாக இருக்கவேண்டும். ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று சோதியுங்கள். இரண்டு டிகிரி தப்பாகக் காட்டும் வெப்பமானியை வைத்துக்கொண்டு பெட்டியைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கும் ஒன்று.

வடிகட்டி: அறுவாளும் அரை மணி நேரமும்

ஒரு மணி நேரம் கழித்து இனிப்பு நீர் மட்டும் வெளியே வரவேண்டும், தானியம் உள்ளேயே நிற்கவேண்டும். உண்மையில் வடிகட்டுவது குழாய் அல்ல, மால்ட்டின் உமி. அது அடியில் படுக்கைபோல் படிந்து வடிகட்டியாகிவிடும். நாம் செய்வது அந்த உமியைத் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு மட்டுமே.

15 மில்லிமீட்டர் செம்புக் குழாயைப் பெட்டியின் அடிப்பாகத்துக்குப் பொருந்தும் செவ்வகமாக அமையுங்கள். இரும்பறுக்கும் ரம்பத்தால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கீறல், குழாயின் பாதி ஆழம்வரை. கீறல்கள் கீழ்நோக்கி இருக்கவேண்டும். மூலை இணைப்புகளைப் பற்றவைக்காதீர்கள். அழுத்திச் செருகினால் போதும், கழுவும்போது கழற்றலாம். பற்றவைத்தே தீரவேண்டும் என்றால் ஈயம் கலக்காத பற்றாசு.

ஐஸ் பெட்டியில் ஏற்கெனவே தண்ணீர் வடியும் துளை இருக்கும். அதன் அடைப்பானைக் கழற்றிவிட்டு, துருப்பிடிக்காத எஃகு பால் வால்வைப் பொருத்துங்கள். உள்ளே ஒரு சிலிக்கோன் வாஷர், வெளியே ஒன்று. இதில் அவசரப்படாதீர்கள். இனிப்பு நீர் சுவரின் நுரைக்குள் கசிந்தால் வெளியே எதுவும் தெரியாது. சில வாரம் கழித்து வாடைதான் சொல்லும், அதற்குள் பெட்டி போய்விட்டது.

வால்வை ஒரேயடியாகத் திறக்கவேண்டாம். வேகமாக இழுத்தால் உமிப்படுக்கை இறுகி ஒரு சொட்டுகூட வராது. கொஞ்சமாகத் திறந்து, முதலில் கலங்கலாக வரும் ஒன்றிரண்டு லிட்டரை மேலே மெதுவாகத் திரும்ப ஊற்றுங்கள். தெளிந்து வந்ததும் பானைக்கு விடலாம். தானியம் மூன்றரை லிட்டரை உறிஞ்சிக்கொள்ளும், 7 லிட்டர் வெளியே வரும். பிறகு 76 டிகிரி தண்ணீர் 13 லிட்டர் ஊற்றிக் கிளறி, சில நிமிடம் விட்டு மறுபடி வடியுங்கள். பானையில் மொத்தம் 20 லிட்டர்.

மால்ட்டைக் கடையிலேயே உடைத்து வாங்குவது நல்லது. தோசைக்கு அரைக்கும் கிரைண்டரோ மிக்ஸியோ ஆகாது. உமி தூளாகிவிட்டால் வடிகட்டியே இல்லாமல் போய்விடும். உடைத்த மால்ட் நம் ஈரக்காற்றில் சீக்கிரம் நமுத்துப்போகும் என்பதால் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து விரைவில் பயன்படுத்துங்கள்.

இந்த அறுவை வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் பரவிய துணிப்பை முறை இருக்கிறது. கொதிக்கவைக்கும் பானையிலேயே பெரிய மெல்லிய வலைத்துணிப் பையை விரித்து, அதற்குள் தானியத்தைப் போட்டு ஊறவைப்பார்கள். பானையைப் போர்வையால் சுற்றிவிட்டால் சூடு நிற்கும். முடிந்ததும் பையைத் தூக்கி வடியவிடுவார்கள். பெட்டி, வால்வு, குழாய் எதுவும் வேண்டாம். சிறிய சமையலறைக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஒரே கவலை, நனைந்த பை ஏழெட்டு கிலோ கனக்கும், சூடாகவும் இருக்கும். அதைக் கொதிக்கும் பானைக்கு மேல் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, பானையின் மேல் எஃகு வடிதட்டை வைத்து அதில் பையை இறக்குங்கள்.

எந்தப் பொருளை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது?

சூடான, லேசான புளிப்புள்ள நீர் மணிக்கணக்கில் தொடும் பொருள்கள் இவை. துருப்பிடிக்காத எஃகு பாதுகாப்பானது, கழுவவும் சுலபம். செம்பும் சரி. அலுமினியப் பானை பரவாயில்லை, ஆனால் காரமான சோடா வகைச் சுத்திகரிப்பான் அதை அரித்துவிடும். துத்தநாகம் பூசிய வாளியும் குழாயும் வேண்டவே வேண்டாம். பித்தளை இணைப்புகளில் ஈயம் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பதால் எஃகுக்குக் கூடுதலாகச் சில வெள்ளி கொடுப்பதே மேல்.

பிளாஸ்டிக் என்றால் உணவுக்கு உகந்தது என்ற குறி இருக்கவேண்டும். முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் உள்ளவை சூட்டைத் தாங்கும் வகை. எண் மட்டும் போதாது. முன்பு சாயமோ சுத்திகரிப்புத் திரவமோ வைத்திருந்த வாளி எவ்வளவு கழுவினாலும் ஆகாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குழாயும் அப்படித்தான், வெந்நீர் பட்டதும் ரப்பர் வாடை வந்துவிடும். சிலிக்கோன் குழாய் இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃகு பியர் பீப்பாயை வெட்டிப் பானையாக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பீப்பாய்கள் பெரும்பாலும் பியர் நிறுவனங்களின் சொத்து, வாடகைபோல் கடைகளுக்குக் கொடுப்பவை. 'சும்மா கிடந்தது' என்று எடுத்து வந்தால் அது திருட்டு. உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும் பீப்பாயை வெட்டத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. 30 லிட்டர் எஃகுப் பானை தேக்கா பாத்திரக் கடையிலேயே கிடைக்குமே, எதற்கு வம்பு?

கொதிக்கவைப்பது: ஆபத்து இங்கேதான் அதிகம்

20 லிட்டரை ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடவேண்டும். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூக்களைச் சேர்ப்பது இப்போதுதான். வீட்டுப் பானையில் மணிக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆவியாகும். சன்னலைத் திறந்து வையுங்கள். முகாமில் பயன்படுத்தும் பெரிய எரிவாயு அடுப்பு திறந்த வெளிக்கானது. அதை வீட்டுக்குள் மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சமையலறை எரிவாயு அடுப்பு 20 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர நெடுநேரம் எடுக்கும். அதனால் பலர் மின்சூடாக்கிக்குப் போகிறார்கள். நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். 65 டிகிரியில் இருக்கும் 20 லிட்டரை 100க்குக் கொண்டுவர 3,000 வாட்டுக்கு 16 நிமிடமாவது ஆகும், 2,000 வாட்டுக்கு 25 நிமிடம். பானையிலிருந்து போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அவசரம் என்ன? 2,000 வாட் போதும். பலமுனை அடாப்டரிலோ நீட்டிப்புக் கம்பியிலோ செருகாதீர்கள், சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். தண்ணீருக்கு மேலே வைத்து இயக்கினால் சூடாக்கி எரிந்துபோகும்.

பானையில் துளையிட்டு வெறும் சூடேற்றும் கம்பியை நீங்களே பொருத்தி வயர் இழுப்பது? அந்த ஒரு வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். மற்ற எந்தப் பிழையும் பியரைக் கெடுக்கும், இது ஆளைக் கொல்லும். கடையில் பாதுகாப்புக் குறியுடன் விற்கும் சாதனத்தை வாங்குங்கள். வீட்டு மின்கம்பியில் மாற்றம் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின் ஊழியரைக் கூப்பிடுங்கள்.

இனிப்பு நீர் கொதிக்கத் தொடங்கும் தருணத்தில் பால் பொங்குவதுபோல் பொங்கும். பொங்கலுக்கு அது அழகு, இங்கே அடுப்பு முழுக்கப் பாகு. 20 லிட்டருக்கு 30 லிட்டர் பானை என்று சொல்வது இதற்காகத்தான். சர்க்கரைக் கரைசல் தோலில் ஒட்டிக்கொள்வதால் வெந்நீரைவிட ஆழமாகச் சுடும். கொதித்த பானையை நகர்த்தவே கூடாது. அடியில் வால்வு வைத்த பானையை வாங்கி, குழாய் வழியாக இறக்குங்கள். மூடிய காலணி போடுங்கள். குழந்தைகளும் பூனையும் அன்றைக்குச் சமையலறைக்கு வெளியே. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸோ பற்பசையோ வைக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆறவைப்பதுதான் நமக்குப் பெரிய பாடு

குளிர்நாட்டுக் குறிப்பில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும். 10 மில்லிமீட்டர் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துப் பானைக்குள் வைத்து, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால் 20 நிமிடத்தில் ஆறிவிடும் என்பார்கள். அவர்கள் குழாயில் 10 டிகிரித் தண்ணீர் வரும். நம் குழாயில் 28, 30. சுருள் எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஓடும் தண்ணீரைவிடக் குறைவாக அது குளிர்விக்க முடியாது. 35, 38 டிகிரியில் நின்றுவிடும். அதுவரை வருவதற்கே 60, 70 லிட்டர் தண்ணீர் ஓடியிருக்கும். அதை வாளிகளில் பிடித்துத் துணி துவைக்கவோ தரை கழுவவோ வையுங்கள், கழிவுக்குழாயில் விடாதீர்கள்.

அதற்குப் பிறகு வேறு வழி. வாளியில் ஐஸ் போட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய பம்பால் அந்தத் தண்ணீரையே சுருளுக்குள் சுற்றவிடுங்கள். 38லிருந்து 22க்கு இறங்க மூன்று, நான்கு கிலோ ஐஸ் போதும். பெட்ரோல் நிலையத்தில் பை பையாகக் கிடைக்குமே, அதுதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நூறு டிகிரியில் இருக்கும்போதே ஐஸைக் காட்டினால் ஐஸ்தான் கரையும், பியர் ஆறாது.

இன்னொரு வழியும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆறவே வைக்காமல், கொதிச்சூட்டைத் தாங்கும் கெட்டியான 20 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, மறுநாள்வரை விட்டுவிடுவார்கள். சூடே கேனைக் கிருமியற்றதாக்கிவிடும். தண்ணீரும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். கசப்பு கொஞ்சம் கூடும், அதற்கேற்ப ஹாப்ஸைக் குறைத்துக்கொள்ளலாம்.

நொதிக்கும் வாரம்: குளிர்சாதனமா, நார்வேயா?

இட்லி மாவை ராத்திரி வெளியே வைத்துவிட்டுக் காலையில் மேசையைத் துடைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பியர் ஈஸ்ட்டும் நம் வெப்பத்தில் அப்படித்தான் துள்ளும். பெரும்பாலான ஏல் வகை ஈஸ்ட்டுகளுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். நம் அறை 29, 30. போதாததற்கு, நொதிக்கும்போது ஈஸ்ட்டே இன்னும் சில டிகிரி சூட்டை உண்டாக்கும். விளைவு, காரமான சாராய வாடை, அடுத்த நாள் தலைவலி.

பழைய குளிர்பதனப் பெட்டியோடு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை இணைப்பது சிறந்த தீர்வு. இடமும் மின்கட்டணமும் இருந்தால் செய்யுங்கள். நொதிகலனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறையவைத்த போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றுவது ஏழையின் குளிர்பதனம். ஈரத்துணியைச் சுற்றி மின்விசிறி வைப்பது வறண்ட நாடுகளில் எடுபடும். இங்குள்ள ஈரப்பதத்தில் பெரிதாகப் பலன் தராது.

எதுவும் வேண்டாம் என்றால், சாதனத்துக்குப் பதில் ஈஸ்ட்டை மாற்றுங்கள். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காத்துவந்த 'குவைக்' என்ற ஈஸ்ட் வகை 30 டிகிரிக்கு மேல்தான் உற்சாகமாக வேலை செய்யும். பனி நாட்டு ஈஸ்ட் தோ பாயோ வீட்டுக்குப் பொருந்துவது வேடிக்கைதான். உலர்ந்த பொட்டலமாகவே வருகிறது. முதல் தடவை செய்பவர் குளிர்பதனப் பெட்டிக்குச் செலவழிப்பதற்கு முன் இதை முயலலாம்.

எந்த ஈஸ்ட்டாக இருந்தாலும் நொதிகலனை இறுக மூடாதீர்கள். கரியமிலவாயு வெளியேற நீர்ப்பூட்டு வைத்து, மேலே கால்வாசி இடம் விடுங்கள்.

போத்தல் வெடிக்குமா?

வெடிக்கும். இது பயமுறுத்தலுக்குச் சொல்வதல்ல. நொதித்து முடியும் முன் போத்தலில் அடைத்தால், அல்லது சர்க்கரையைக் கண்ணளவில் போட்டால், கண்ணாடி சிதறும். அடர்த்திமானி என்ற சிறு கண்ணாடிக் கருவி விலை மலிவு, அதை வாங்காமல் மிச்சம்பிடிக்க வேண்டாம். இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவு மாறாமல் இருந்தால்தான் அடைக்கலாம். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், 15 லிட்டருக்கு 90 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒயின் போத்தலும் அலங்காரப் போத்தலும் அழுத்தத்தைத் தாங்காது. முதல் தடவைக்குச் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல் நல்லது. அமுக்கிப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அதே அடர்த்திமானி மதுவின் அளவையும் சொல்லும். தொடக்கத்தில் 1.046, முடிவில் 1.011 என்றால் வித்தியாசத்தை 131ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 4.6 விழுக்காடு. உங்கள் போத்தலில் லேபிள் இருக்காது. விருந்தாளியிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும், முக்கியமாக வண்டி ஓட்டி வந்தவரிடம்.

வெள்ளோட்டம் விடுங்கள்

சாதனம் தயாரானதும் மால்ட் வாங்க ஓடாதீர்கள். ஒரு சனிக்கிழமை வெறும் தண்ணீரை வைத்து முழுச் சடங்கையும் ஒருமுறை செய்து பாருங்கள். 70 டிகிரித் தண்ணீர் 10 லிட்டரைப் பெட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று தெரியும். வால்வைத் திறந்து வடித்தபின் அடியில் எவ்வளவு தங்குகிறது, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். பானையில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு எவ்வளவு ஆவியானது என்று குறியுங்கள். சுருளைப் போட்டு ஆறவைத்து நேரத்தை எழுதுங்கள். இந்த நான்கு எண்களும் உங்கள் சாதனத்துக்கே உரியவை, வேறு யாருடைய குறிப்பிலும் கிடைக்காது. மேலே நான் கொடுத்த லிட்டர் கணக்கையும் அவற்றை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று மிச்சம். வேலை முடிந்ததும் ஏழு கிலோ ஈரத் தானியம் கையில் நிற்கும். கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். குப்பை வழியில் போடுவதென்றால் இரட்டைப் பையில் இறுகக் கட்டி அன்றே போடுங்கள், நம் சூட்டில் ஒரே நாளில் புளித்து அண்டை வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஒரு கையளவை எடுத்து அவனில் மொறுமொறுவெனக் காயவைத்துப் பொடித்து, சப்பாத்தி மாவில் கலந்து பாருங்கள். உமி கொஞ்சம் நெருடும், ஆனால் வாசனை நன்றாக இருக்கும்.